மெஷினில் ஒரு குறையும் இல்லை

என் வயதில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் பதினெட்டு வயதுப் பிள்ளையும், எப்போதும் சாத்தியிருக்கும் ஒரு கதவும், அந்தக் கதவுக்குப் பின்னால் ஓயாமல் சுற்றும் சின்ன மின்விசிறிகளின் இரைச்சலும் உள்ளவர்களுக்காக. அந்த இரைச்சல் கம்ப்யூட்டருடையது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் சில மதியங்களில் அடுப்படியில் நிற்கும்போது அது எனக்கு வேறொன்றாகக் கேட்கிறது. எங்கள் அப்பா வீட்டு முற்றத்தில், சிமெண்டுத் தொட்டிக்குப் பக்கத்தில், பெல்ட் போட்டு ஓடிய ஒரு காற்று மெஷினாக. அந்த மெஷின் எங்கள் வீட்டில் ஒரே ஒரு பருவம்தான் இருந்தது. அப்போது எனக்குப் பத்து வயது.

அதற்கு முன் இந்த வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மகன் இன்ஜினியரிங் முதல் வருடம் படிக்கிறான். மீதி நேரமெல்லாம் ஐந்து பேர் சேர்ந்து ஒரு அணியாகக் கம்ப்யூட்டரில் சுட்டு விளையாடுகிற விளையாட்டு. மற்ற நான்கு பேரையும் நான் பார்த்ததில்லை. அவர்களுடைய குரல்கள் மட்டும் அவன் ஹெட்போனிலிருந்து எறும்பு ஊர்வது போலக் கசியும். அடுத்த மாதம் ஏதோ பெரிய போட்டிக்கு ஆள் எடுக்கிறார்களாம். எல்லாரும் ஒரே இடத்தில் குவிந்து சுடுகிற நேரம் பார்த்து இவனுடைய திரை திக்கித் திக்கி நகர்கிறது. "சிஸ்டத்த மாத்துறியா, இல்ல ஆள மாத்தவா?" என்று அணித்தலைவன் கேட்டுவிட்டான். அணித்தலைவனுக்கு வயது பத்தொன்பது.

ஆகவே ப்ராசஸர் மாற்ற வேண்டும். அந்த ஒரு சில்லின் விலையில் ஒரு பழைய ஸ்கூட்டரே வாங்கிவிடலாம். மகன் வாதாடுவதில் கெட்டிக்காரன்.

"அம்மா, கிராபிக்ஸ் கார்டு நல்ல கார்டு. அது படம் வரைய ரெடியா நிக்கி. ப்ராசஸர்தான் கணக்குப் போட்டுக் குடுக்க மாட்டேங்கு. பாதி நேரம் கார்டு சும்மா கெடக்கு."

"கிடந்தா கிடக்கட்டும். அதுக்கும் ஓய்வு வேண்டாமா?"

"அம்மா, நீங்க பிசிக்ஸ் டீச்சரு. இப்படிப் பேசலாமா?"

வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் வாங்கித் தரும் ஒரு ஆபீஸில் இருக்கிறார். அவர் முதலில் சிரித்தார். "எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் நீ பால்வாடி போன காலத்துல வாங்குனது. அதுலதான் கப்பல் கப்பலா சரக்கு போகுது வருது. ஒனக்கு அது பத்தாதாக்கும்." பிறகு மகன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் இருந்ததும் இறங்கி வந்தார். "வாங்கித்தான் குடுப்போமே. பிள்ள வீட்டுக்குள்ள கண்ணு முன்னால இருக்கான்லா. பைக்க எடுத்துக்கிட்டுப் பைபாஸ்ல சுத்துதானா என்ன? நீ எதுக்கெடுத்தாலும் பயப்படுதே."

அவர் சொன்னது உண்மைதான். நான் எதற்கெடுத்தாலும் பயப்படுவேன்.

கடைக்குப் போனோம். மெயின் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், செல்போன் கடைகளுக்கு மேலே, மாடியில் இருக்கிறது. கடைக்காரத் தம்பி மகனுடைய கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து, ஏதோ ஒரு சோதனையை ஓடவிட்டு, திரையில் ஏறி இறங்கும் கோடுகளை எனக்குக் காட்டினான்.

"சிஸ்டத்துல ஒரு குறையும் இல்லக்கா. இந்தா இந்த ஒண்ணுதான் மத்த எல்லாத்தையும் பிடிச்சு இழுக்கு. பாட்டில்நெக்குன்னு சொல்லுவோம். இத எடுத்துட்டா பறக்கும்."

"இதை எடுத்துவிட்டால் அடுத்து எது பிடித்து இழுக்கும்?" என்று கேட்டேன்.

அவன் மகனைப் பார்த்துச் சிரித்தான். "அக்கா டீச்சரோ? அடுத்து ஒண்ணு இழுக்கத்தான் செய்யும். சூடு கூடும், அப்பக் கூலர் மாத்தணும். கரெண்டு பத்தலன்னா எஸ்.எம்.பி.எஸ். மாத்தணும். எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணித்தான் குடுப்பேன். நீங்க பயப்படாதீங்க."

எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணித்தான் குடுப்பேன். படி இறங்கும்போது அந்த வார்த்தைகளையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஏன் என்று அப்போது புரியவில்லை.

புரிந்தது அடுத்த வாரம். மாதாமாதம் பராமரிப்புக்காக எங்கள் பகுதியில் கரெண்டை நிறுத்துகிற நாள். காலை ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். மகன் வேறு வழியில்லாமல் அறையை விட்டு வெளியே வந்து, என்னோடு உட்கார்ந்து மத்தியானம் சாப்பிட்டான். இடது கையால் தண்ணீர்ச் செம்பை எடுத்தான். எடுத்த செம்பு அவன் கையிலிருந்து நழுவிச் சாப்பாட்டு மேசை மேல் விழுந்து உருண்டது. அவன் தன் கையை, அது வேறு யாருடைய கையோ போலப் பார்த்தான்.

"என்னலே?"

"ரெண்டு விரலு மரத்துப் போகும்மா. சுண்டு விரலும் பக்கத்து விரலும்."

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா. ஒண்ணும் இல்லம்மா. கரெண்டு வந்து கேம்ல உக்காந்தாப் போயிரும்."

நான் ஈரமான மேசையைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பேச்சை நான் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருக்கிறேன்.

என் அண்ணனுக்கு அப்போது இருபது வயது. அப்பா வள்ளம் வைத்திருந்தார். அண்ணன் கடலில் மூழ்கிச் சங்கு குளித்தான். கண்ணில் ரப்பர் வைத்த கண்ணாடி, இடுப்பில் வலைப்பை, இரண்டு காலிலும் அலுமினியத் தகடு. ஓட்டையான அண்டா ஒன்றை மீன்வால் போல வெட்டி, சைக்கிள் டியூபில் வார் போட்டு அவனே செய்த தகடுகள். வீட்டுக்கு வந்ததும் அவற்றைச் சுவரில் ஆணியில் மாட்டுவான். காற்றில் அவை ஒன்றோடொன்று மோதி ஒரு மெல்லிய சத்தம் எழுப்பும். அவன் கடலில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறான் என்பதற்கு எனக்கு அந்தச் சத்தம்தான் அடையாளம். அந்தத் தகடுகள் பிறகு எங்கே போயின என்று எனக்குத் தெரியாது.

முற்றத்தில் சங்கு குவிந்திருக்கும். சதையை எடுத்துவிட்ட பிறகும் உள்ளே கொஞ்சம் ஒட்டிக்கொண்டு அழுகும். அந்த நாற்றம் என் யூனிபார்மில், ரிப்பனில், ஜாமெட்ரி பாக்ஸில்கூட இருந்தது. வகுப்பில் பிள்ளைகள் நகர்ந்து உட்காருவார்கள். சங்கின் வாயை அடைத்திருக்கும் தட்டையான மூடியை நாங்கள் நகம் என்போம். அதைப் பாயில் காயப்போட்டு வைத்தால் ஊதுபத்தி வியாபாரிகள் வாங்கிப் போவார்கள். அவ்வளவு நாற்றத்திலிருந்து எப்படி வாசனை வரும் என்று அண்ணனிடம் கேட்டேன். "ஒன்னைய மாதிரித்தான் பிள்ளே, குளிச்சா வரும்" என்றான்.

மூச்சுப் பிடித்துத்தான் இறங்குவான். மூச்சு முட்டியதும் மேலே வந்துவிடுவான். வள்ளத்தில் தொங்கிக்கொண்டு இளைப்பாறி மறுபடி இறங்குவான். கரைக்குப் பக்கத்தில், ஆழம் குறைந்த இடங்களில் கிடைப்பது சின்னச் சங்கு. ஆழத்தில் கிடப்பதுதான் பெரிது. கல்கத்தாவில் வளையல் அறுக்க அதைத்தான் கேட்கிறார்கள் என்று வியாபாரி சொல்லிக்கொண்டே இருந்தார். வள்ளம் இருந்தது, எஞ்சின் இருந்தது, கீழே சங்கு கிடந்தது, தைரியமும் இருந்தது. மூச்சு ஒன்றுதான் எல்லாவற்றையும் பிடித்து இழுத்தது.

துறைமுகச் சாலையில் பஞ்சர் கடை வைத்திருந்த மெக்கானிக் ஒருவரை மாமா என்று கூப்பிடுவோம். அவர்தான் மெஷின் பற்றிச் சொன்னார். லாரி டயருக்குக் காற்று அடிக்கிற கம்ப்ரஸர். அதை வள்ளத்தில் வைத்து எஞ்சினோடு பெல்ட் போட்டுவிட்டால், நீளமான ஹோஸ் வழியாகக் காற்று கீழே போகும். ஹோஸின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அடியில் நடக்கலாம். இராமநாதபுரம் பக்கம் செய்கிறார்களாம்.

அப்பா அவசரப்படுகிற ஆள் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்கள் முழுவதும் இதையே யோசித்தார். வாங்கினால் தகுமா, போட்ட காசு திரும்பி வருமா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விசாரித்தார். எஞ்சின் இழுக்குமா என்று கேட்டார். "உம்ம எஞ்சின் இதையும் இழுக்கும், சேத்து உம்மையும் இழுக்கும் அண்ணாச்சி" என்றார் மெக்கானிக் மாமா. நடுக்கடலில் பெல்ட் அறுந்தால்? மெஷினின் காற்றுத் தொட்டியில் மிச்சமிருக்கும் காற்று அவன் மேலே வரும்வரை தாங்கும். ஹோஸ் வெடித்தால்? இரண்டு மடங்கு கனமான ஹோஸ். டீசல் புகை உள்ளே போனால்? காற்று இழுக்கும் வாயில் பஞ்சும் துணியும் வைக்கலாம். அம்மாவின் வெளுத்த சேலை ஒன்று அதற்காகக் கிழிந்தது. சங்கு வளையலுக்காக அம்மாவின் தங்க வளையல்களும் போயின.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். சோறு போட்டுக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"இப்பன்னா மூச்சு முட்டுனா பிள்ள மேல வந்துருதான். மூச்சே முட்டலன்னா எப்ப வருவான்?"

"பை நெறஞ்சா வருவான்" என்றார் அப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன்தான் அதிகம் சிரித்தான். நானும் சிரித்தேன்.

மெஷினை முற்றத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். ஹோஸ் நுனியைச் சிமெண்டுத் தொட்டியில் போட்டார் அப்பா. தண்ணீர் கொதிப்பது போலக் குமிழ்கள் வந்தன. நான் கையை வைத்தேன். குமிழ்கள் விரல்களுக்கு நடுவில் நுழைந்து கூச்சம் மூட்டின. அப்பா ஒரு மணி நேரம் குனிந்து, ஹோஸ் முழுவதையும் சாண் சாணாகத் தண்ணீருக்குள் அமுக்கி, எங்காவது கசிகிறதா என்று பார்த்தார். இன்றைக்கு யோசித்தால் அவர் முதுகுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. அவ்வளவு கவனமான முதுகு. ஒவ்வொரு பாகத்தையும் அவர் சோதித்தார். அந்தக் காற்றை வாங்கப் போகிற உடம்பு ஒன்று பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அதில் சோதிக்க என்ன இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

கயிறு ஒன்றும் உண்டு. நைலான் கயிறு. ஒரு முனை அண்ணன் இடுப்பில், மறு முனை வள்ளத்தில் அப்பா கையில். ஒரு இழுப்பு என்றால் என்னை மேலே தூக்கு. இரண்டு இழுப்பு என்றால் நல்லா இருக்கேன். அப்பா மேலிருந்து இரண்டு தடவை இழுத்துக் கேட்பார். கீழிருந்து இரண்டு தடவை பதில் வரும்.

பொங்கல் வரைக்கும் எங்கள் வீட்டில் அப்படி ஒரு செழிப்பு. என் தலை அளவுச் சங்குகள் வந்தன. வியாபாரி நேரே வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தார். அண்ணன் மேல் எப்போதும் ரப்பரும் டீசலும் கலந்த ஒரு வாசனை. ஏப்பம் விட்டால்கூட அதுதான். அம்மா அவன் சட்டைப்பையில் ஏலக்காய் போட்டு அனுப்புவாள். கடிக்கும் ரப்பரில் அவன் பல்தடம் பதிந்திருக்கும். அதை என் வாயில் வைத்துப் பார்ப்பேன். என் பற்கள் அந்தத் தடத்துக்குள் சேராது.

பிறகு உடம்பு அரிக்க ஆரம்பித்தது. தோளிலும் வயிற்றிலும் சிவப்பாகத் திட்டுத் திட்டாக வந்தது. சொறிமீன் பட்டிருக்கும் என்றார்கள். கடலில் மிதக்கும் அந்தக் கண்ணாடி மாதிரியான பிராணி பட்டால் அப்படித்தான் தடிக்கும். பிறகு தோள் வலித்தது. பை கனம் என்றார் அப்பா. பிறகு விரல்கள் மரத்தன. கோயிலுக்குப் புறப்படும்போது அண்ணனால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. நான்தான் போட்டுவிட்டேன். அவன் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வலிக்கா?"

"தண்ணிக்குள்ள எறங்குனாப் போயிரும் பிள்ளே."

அது பொய் இல்லை. அதுதான் கொடுமை. திங்கட்கிழமை கடலில் இறங்கியதும் வலி போய்விடும். அடியில் இருக்கும்வரை அவன் உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும். எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். அதனால் ஞாயிறுதான் அவனுக்கு மோசமான நாள். பூசையில் முழங்கால் போட முடியாமல் பின்சுவரில் சாய்ந்து நிற்பான். பங்குச்சாமியார் வாசலில் அவனைப் பிடித்துவைத்து, "வேலைக்குப் போனா வலிக்கல்ல, கோயிலுக்கு வந்தா வலிக்குதாக்கும்? இது நல்ல வியாதியாயிருக்கே" என்று கேலி செய்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான்.

அப்பா யோசித்துப் பார்த்தார். கடலில் சரியாகிவிடுகிறது, கரையில்தான் வலிக்கிறது. ஆகவே கோளாறு கரையில்தான் இருக்கிறது. இந்த முடிவில் ஒரு ஓட்டையும் இல்லை, பாருங்கள். அதனால் கரையில் இருந்ததையெல்லாம் மாற்றினார்கள். அண்ணனின் கட்டிலை ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்த்தினார்கள். கத்தரிக்காய் நின்றது, கருவாடு நின்றது. குடிக்கிற தண்ணீரை வேறு கிணற்றிலிருந்து எடுத்தார்கள். அம்மா மாதா கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். வலி அதிகமான ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள், விடியும் முன்பே அப்பா அவனைக் கைத்தாங்கலாக வள்ளத்துக்கு அழைத்துப் போனார். மருந்துக்கு அழைத்துப் போகிற மாதிரி.

பிற்பாடு கல்லூரி நூலகத்தில் ஒரு பாடப்புத்தகத்தில் இதைப் படித்தேன். ஆழத்தில் அழுத்தம் அதிகம். அங்கே சுவாசிக்கிற காற்று இரத்தத்திலும் சதையிலும் கரைந்து தங்குகிறது. அடியில் நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால் அது உடம்புக்குள்ளேயே குமிழ்களாகப் பிரிகிறது. மறுபடி ஆழத்துக்குப் போனால் குமிழ்கள் அமுங்கும், வலி போகும். திரும்ப வேகமாக வந்தால் திரும்பவும் வரும், முன்னைவிட மோசமாக. மெதுவாக, நின்று நின்று மேலே வந்தால் இது பெரும்பாலும் வராது. அதற்கு ஒரு காசும் செலவில்லை. மூச்சுப் பிடித்து இறங்கிய காலத்தில் அந்த மூச்சேதான் அவனைக் காப்பாற்றி வந்திருக்கிறது. நாங்கள்தான் அதைத் தடை என்று நினைத்து எடுத்துவிட்டோம். அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு, நூலகம் பூட்டும்வரை எழுந்திருக்காமல் இருந்தேன். இப்போது வருடா வருடம் பிள்ளைகளுக்கு அழுத்தம் பாடம் நடத்துகிறேன். இதைச் சொல்வதில்லை.

தவக்காலத்தில் ஒரு நாள். பை நிறைய மேலே வந்தான். வள்ளத்தில் ஏறி, கண்ணாடியைக் கழற்றி, டீ வாங்கிக் குடித்தான். "எப்பா, எங்காலு மேல யாரோ உக்காந்திருக்க மாதிரி இருக்கு" என்றான். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாரமும் தெரியவில்லை. இடுப்புக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. அன்று சாயங்காலம் இரண்டு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு தெருவில் வந்தபோது, அலுமினியத் தகடுகள் இன்னும் அவன் காலிலேயே இருந்தன. கழற்ற யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவை சத்தம் போட்டுக்கொண்டே வந்தன. அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று நான் சந்தோஷமாக ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "குடிச்சிருந்தானா?" என்று கேட்டார். "தவக்காலம் டாக்டர், பச்சத் தண்ணிதான் குடிக்கான்" என்றார் அப்பா. குளுக்கோஸ் ஏற்றினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வாசலில் நின்ற மற்ற சங்குக் குளிகாரர்கள் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் போய், "மறுபடி ஒரு தடவ எறக்கிப் பாரும் அண்ணாச்சி. எறக்குனா விட்டுரும்" என்றார்கள். அப்பாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. அவர் தன் கண்ணால் பார்த்து நம்பியது அது ஒன்றைத்தான்.

மறுநாள் நடந்ததை அண்ணன்தான் எனக்குச் சொன்னான். அவன் இடுப்பில் கயிறு கட்டி, ஹோஸைக் கடிக்கக் கொடுத்து, ஒரு மூட்டையை இறக்குவது போல இறக்கினார்கள். கூடவே ஒருவர் இறங்கி அவனைப் பிடித்துக்கொண்டார். அடியில் மணலில் உட்காரவைத்தார்கள். நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு கால் சுட்டது. பிறகு மணல் குத்தியது. "பெருவிரலு அசஞ்சுது பிள்ளே. நான் என் கண்ணால பாத்தேன். நண்டு மாதிரி அசஞ்சுது."

அவன் கயிற்றை இரண்டு தடவை இழுத்தான். நல்லா இருக்கேன்.

மேலே அப்பா அதைக் கையில் உணர்ந்தார். அழுதாராம். பிறகு, அந்தச் சந்தோஷத்தில், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல், இரண்டு கையாலும் பிள்ளையை வேகமாக மேலே இழுத்தார்.

அதன் பிறகு எதுவும் அசையவில்லை.

அந்தப் பருவம் முடியும்போது மெஷினை வாங்க ஒரு ஆள் வந்தார். வேறு கடற்கரை ஊர்க்காரர். அப்பா முற்றத்தில் மெஷினை ஓட்டிக் காட்டினார். ஹோஸைத் தொட்டியில் போட்டார். குமிழ்கள் வந்தன. வந்தவர் பெல்ட்டைத் தட்டிப் பார்த்தார், ஹோஸை வளைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான இருக்கு. எதுக்குக் குடுக்கீரு?"

அப்பா மெஷினை நிறுத்தினார். உள்ளே கட்டிலில் அண்ணன் கண் விழித்துத்தான் படுத்திருந்தான். நான் கதவுப் பக்கம் நின்றிருந்தேன்.

"எம்மவனுக்கு வாதம் வந்துட்டு. குளிக்க ஆளு இல்ல" என்றார் அப்பா. "மெஷின்ல ஒரு குறையும் இல்ல."

அப்பா ஏமாற்றவில்லை. அவர் அப்படித்தான் நம்பினார். சாகும்வரை அவருக்கு எங்கே கோளாறு என்று தெரியவில்லை. அந்த ஆள் மெஷினைத் தட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அது பிறகு யாருக்குக் காற்றுக் கொடுத்தது என்று நான் நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

கயிறு மட்டும் வீட்டில் தங்கியது. அப்பா அதை அண்ணன் கட்டிலிலிருந்து அடுப்படி வரை சுவர் ஓரமாக இழுத்து, நுனியில் ஒரு சின்ன மணியைக் கட்டினார். பழைய கணக்குத்தான். ஒரு இழுப்பு என்றால் யாராவது வாங்க. இரண்டு இழுப்பு என்றால் நல்லா இருக்கேன். அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே, "ஏலே, எப்படி இருக்கே?" என்று கேட்பாள். மணி இரண்டு தடவை அடிக்கும். முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் எலும்பு வரைக்கும் போன பிறகும் இரண்டு தடவைதான் அடித்தது. அவன் போனபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், விடுமுறைக்கு வந்திருந்தேன். அன்று காலையிலும் அம்மா கேட்டாள். இரண்டு தடவைதான். எங்கள் வீட்டில் அந்த ஒரு இழுப்பை நான் அதிகம் கேட்டதே இல்லை.

செம்பு விழுந்த அன்று சாயங்காலம் கரெண்டு வந்தது. மகன் அறைக்குப் போனான். கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் தூக்கிக் காட்டினான். "பாத்தீங்களா, இப்ப ஒண்ணும் தெரியல்ல."

நான் அவனை நரம்பு டாக்டரிடம் கொண்டுபோனேன். வீட்டுக்காரர் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தார். டாக்டர் மகனுடைய இரண்டு கைகளையும் மேசை மேல் கவிழ்த்து வைக்கச் சொன்னார். இடது கையில், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். தினமும் சோறு போடுகிறேன். நான் அதைப் பார்த்ததில்லை. முழங்கையை மணிக்கணக்காக மேசை விளிம்பில் ஊன்றி ஊன்றி நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார்.

"விளையாடும்போது ஒண்ணும் தெரியல்ல டாக்டர்" என்றான் மகன், அது தனக்கு ஆதரவான சாட்சி என்பது போல.

"தெரியாதுப்பா. கவனம் பூரா திரையில இருக்கும்லா. அப்பத்தான் அதிகம் நசுங்கும்" என்றார் டாக்டர். மூன்று மாதம் அந்தக் கையை மேசையில் ஊன்றக் கூடாது, அதன் பிறகு பார்க்கலாம், போன சதை திரும்பி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். மூன்று மாதம் என்றால் அந்தப் போட்டிக்கு ஆள் எடுப்பது முடிந்துவிடும். மகன் தலையைக் குனிந்துகொண்டான். திரும்பி வரும் வழியில் வீட்டுக்காரர் உப்பு லாரிகளுக்குப் பின்னால் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்.

நேற்று கடைக்காரத் தம்பி போன் செய்தான்.

"அக்கா, அந்த ப்ராசஸர் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. வேற ஆளு கேக்காங்க. எடுத்து வைக்கவா?"

மகன் எதிரே நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"வேண்டாம் தம்பி. கொடுத்துரு."

"ஏங்க்கா, வெலைதானா? பழசுக்கு நல்ல எக்ஸ்சேஞ்ச் போட்டுத் தாரேன்."

"விலை இல்லை."

மகன் சண்டை போடவில்லை. சண்டை போடுவான் என்று நினைத்திருந்தேன். "அப்ப பழசுலயே மெல்ல ஆடிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். கதவைச் சாத்திக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் மின்விசிறிகள் சுற்ற ஆரம்பித்தன. குரல்கள் கசிந்தன. டாக்டர் சொன்னதை அவன் இன்னும் அணிக்காரர்களிடம் சொல்லவில்லை என்று தெரிந்தது.

ஆகவே, என் வயதுக்காரர்களே, வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். அது எதையும் நிறுத்திவிடவில்லை. நான் போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். என் அம்மா அடுப்படியில் நின்று கேட்ட அதே குரல் என் தொண்டையிலிருந்து வந்தது.

"ஏலே, கை எப்படி இருக்கு?"

உள்ளே விசைப்பலகை ஓயவில்லை.

"நல்லா இருக்கும்மா" என்றான். பிறகு, நான் போகவில்லை என்று தெரிந்து, இன்னொரு தடவையும் சொன்னான். "நல்லாத்தான் இருக்கு."

இரண்டு இழுப்பு.

நான் கதவைத் திறந்தேன்.